இதய வைத்தியர் குரூன்ட்சிக்

மாரடைப்புற்றோர் பலர் இந்நாளில் மார்பைக் கீறாமலே குணமெய்துவது, அந்திரேயாஸ் குரூன்ட்சிக் என்னும் வைத்தியரின் அரிய உழைப்பின் பயனாகும்.

ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரில் 1939-ஆம் ஆண்டு பிறந்த இவர், ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று, 1969-இல் சுவிட்ஸர்லாந்தின் சூரிச் நகரை அடைந்தார். அடைப்புற்ற கால் இரத்தக்குழாயை, ஒன்றினும் ஒன்று பருத்த குழல்களைச் செலுத்தி அகலமாக்கும் முறையை அமெரிக்க வைத்தியர் டாட்டர் 1964-இல் கண்டிருந்தார். அதனைக் கற்ற குரூன்ட்சிக், குழலின் நுனியில் சிறு பலூனை அமைத்தல் நன்றென எண்ணித் தம் வீட்டு அடுக்களை மேசையிலேயே அதனைச் செய்யலானார். 1974-இல் நோயாளரின் காலிலும், பின்னர் நாய்களின் இதயத்திலும் சோதித்த பின்னரே, 1977 செப்டம்பர் 16-ஆந் தேதி சூரிச்சில் ஒருவரின் இதயக் குழாயை விரித்தார்.

முதல் 50 நோயாளரின் விவரத்தை 1979-இல் வெளியிட்டபோது, 32 பேரிடத்தே சிகிச்சை பலித்ததென உள்ளபடியே எழுதினார். பிற வைத்தியர் நேரிற் கண்டு ஆராயுமாறு வகுப்புகளும் நடத்தினார். 1980-இல் அமெரிக்காவின் எமரி சர்வகலாசாலைக்குச் சென்ற அவர், 1985-இல் விமான விபத்தில் 46-ஆம் வயதிற் காலமானார். அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் இம்முறையைச் சென்னையில் பரப்பினார்.

இன்று பனவடலிசத்திரம் போன்ற சிற்றூரார் திருநெல்வேலியிலேயே இச்சிகிச்சை பெறுகின்றனர். பலியாத 18 பேரையும் மறையாது உரைத்த அவ்வாய்மையே உலகம் இம்முறையை நம்புதற்கு அடிகோலியது என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.