மகாராஜா நந்தகுமார்

மகாராஜா நந்தகுமார் (இறப்பு: ஆகஸ்ட் 5, 1775) வங்காளத்தில் நவாபுகளிடம் உயர்பதவி வகித்தவர். ஆவண மோசடிக் குற்றச்சாட்டில் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புப்படி தூக்கிலிடப்பட்டார். தம்மை விசாரிக்கும் அதிகாரம் அந்நீதிமன்றத்துக்கு உண்டா என்று இவர் தரப்பு எழுப்பிய வினா இந்தியச் சட்ட வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

வாழ்க்கை

பீர்பூம் பகுதியிலுள்ள பத்ரபூரில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். நவாப் மீர் ஜாபரிடம் பணியாற்றினார். மகாராஜா பட்டத்தை 1764 இல் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் வழங்கினார்.

வழக்கு

தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் கையூட்டுப் பெற்றதாக 1775 மார்ச்சில் இவர் ஆட்சிக்குழுவிடம் முறையிட்டார். இரண்டே மாதங்களில், மே 6 அன்று, இவரே கைதானார். வட்டிக்கடைக்காரர் போலாகி தாஸ் எழுதிக் கொடுத்ததாகக் காட்டிய கடன் பத்திரம் போலியானது என்பது குற்றச்சாட்டு. அப்பத்திரத்தில் குறிக்கப்பட்ட ஆண்டு 1765. நீதிமன்றம் ஏற்பட்டதோ 1774 இல்.

விசாரணை ஜூன் 8 அன்று தொடங்கியது. இவருடைய வழக்கறிஞர் தாமஸ் பாரர் முதலிலேயே அதிகார வரம்பை மறுக்க முற்பட்டார். நீதிபதிகள் அதனை ஏற்கத்தக்கதாகக் கருதாததால் அம்மறுப்பு கைவிடப்பட்டது. போலிப் பத்திரத்துக்கு மரணதண்டனை விதித்தது இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்து இங்கிலாந்துச் சட்டம். உள்ளூர் வழக்கில் இக்குற்றத்துக்கு மரணதண்டனை இல்லை. அச்சட்டம் வங்காளத்துக்குப் பொருந்துமா என்று நான்கு நீதிபதிகளுள் ஒருவரான ராபர்ட் சேம்பர்சே ஐயம் எழுப்பினார். தலைமை நீதிபதி எலிஜா இம்பே உள்ளிட்ட ஏனையோர் பொருந்தும் என்றனர். பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி ஜூன் 16 அன்று குற்றவாளி என்றது. மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

(அக்காலத்தில் திருவண்ணாமலை உள்ளிட்ட தமிழக உட்பகுதிகள் ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தன. கும்பினியின் நேரடி ஆட்சி அங்கு 1801 இல்தான் வந்தது.)

கருத்து வேறுபாடுகள்

இதனை ஹேஸ்டிங்ஸும் இம்பேயும் கூடி நடத்திய சட்டக் கொலை என மெக்காலே எழுதினார். ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1885 இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். சதி இருந்ததோ இல்லையோ, உள்ளூர் மக்கள் அறியாத ஒரு சட்டத்தால் ஓர் உயிர் போனது என்பதில் ஐயமில்லை.

நீதிமன்றத்தின் அதிகார வரம்பை 1781 ஆம் ஆண்டுச் சட்டம் சுருக்கியது. இம்பே மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டுக் கொணரும் தீர்மானம் 1788 இல் பிரித்தானிய மக்களவையில் தோல்வியுற்றது. எதிராக 73, ஆதரவாக 55 வாக்குகள் விழுந்தன.