சிறுவயல் சின்ன மருது

காளையார்கோவிலுக்கு நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். 1801-ல் அந்த வட்டாரம் அடர்ந்த காடு.

அண்ணன் பெரிய மருதுவுடன் சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருதுவின் வீடு சிறுவயலில் இருந்தது. வாசலில் காவல் கிடையாது. யாரும் உள்ளே போகலாம். வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரிக்கு அவரே ஈட்டி எறியக் கற்றுக்கொடுத்தார்.

1801 ஜூன் 16-ல் கம்பெனியை எதிர்த்து அவர் வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து காடு வெட்டிப் பாதை போட ஒரு மாதம் முயன்று கைவிட்டது. பிறகு வேறு வழிகளில் புகுந்து, அக்டோபர் 1-ல் காளையார்கோவிலைப் பிடித்தது.

அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். கப்பலேறும்வரை தூத்துக்குடியில் அந்தக் கைதிகளுக்குக் காவல் அதே வெல்ஷ்தான்.

அடுத்த முறை திருப்பத்தூர் வழியே போனால், அவர்கள் நினைவிடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.