விரல்நுனிக்கு எழுத்தளித்த லூயி பிரெயில்

பாரிசு மாநகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் குதிரைச் சேணம் தைத்து வாழ்ந்தவர் சிமோன் ரெனே பிரெயில். அவருடைய இளைய மகனாக 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் கூரிய கருவியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் பாய்ந்தது. நோய் மற்றொரு கண்ணையும் பற்றியது. ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளியிழந்தன.

பார்வையற்ற ஏழைப் பிள்ளைகளுள் பலர் இரந்துண்டு வாழ்ந்த காலம் அது. எனினும் பெற்றோர் மகனை ஊர்ப்பள்ளிக்கு அனுப்பினர். செவிவழியாகவே கற்றுச் சிறந்த லூயி, 1819இல் தம் பத்தாம் வயதில் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். வாலந்தேன் ஹாவுய் என்பவர் 1785இல் நிறுவிய பள்ளி அது.

அங்கிருந்த நூல்களில், கண்ணுடையோர் படிக்கும் எழுத்துகளே தாளில் மேடாக அழுத்தப்பட்டிருந்தன. நூல்கள் பெரியனவாகவும் கனமானவையாகவும் இருந்தன. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தடவி முடிப்பதற்கே நெடுநேரமாகும். அதனினும் பெரிய குறை, அம்முறையில் மாணவர் படிக்கலாமேயன்றித் தாமே எழுத இயலாது என்பதாகும்.

1821இல் படைத்துறையில் பணியாற்றிய சார்லசு பார்பியே என்பவரின் புள்ளியெழுத்து முறை அப்பள்ளியை வந்தடைந்தது. 12 புள்ளிகளைக் கொண்ட அது ஒலிகளை மட்டுமே குறித்தது. நிறுத்தற்குறிகளும் எண்களும் அதில் இல்லை. பன்னிரண்டு புள்ளிகளும் ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் அடங்கவுமில்லை. ஓய்வுப்பொழுதெல்லாம் முயன்ற லூயி, 1824இல் தம் பதினைந்தாம் வயதில் அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். நிரைக்கு மூன்றாக இரண்டு நிரைகளில் அமைந்த அவ்வாறு புள்ளிகளிலிருந்து 63 குறிகள் பிறந்தன. சட்டகத்தில் தாளைப் பொருத்தி, சிறிய எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்தித் தாளைத் திருப்பினால், மேடாக எழுந்த புள்ளிகளை இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இளமையில் கண்ணைப் பறித்த கருவியை ஒத்ததொரு கருவியே எழுதுகோலாயிற்று.

1829இல் தம் முறையை அவர் நூலாக வெளியிட்டார். அதில் இசைக்குறிப்புகளுக்கும் இடமளித்தார். பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராகவும், தேவாலயங்களில் ஆர்கன் இசைப்பவராகவும் பணியாற்றினார். எனினும் அவருடைய எழுத்தைப் பள்ளி எளிதில் ஏற்கவில்லை. கண்ணுடையோர் படிக்கவியலாத எழுத்து, பார்வையற்றோரைத் தனிமைப்படுத்தும் என அஞ்சினர். இயக்குநர் துஃபோ காலத்தில் அம்முறை விலக்கப்பட்டது. மாணவரோ அதனை மறைவாகப் பயன்படுத்தி வந்தனர். 1844இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்புவிழாவில் அதன் ஆற்றல் யாவரறியக் காட்டப்பட்டபோதே எதிர்ப்புத் தளர்ந்தது.

நெடுங்காலம் காசநோயால் வருந்திய பிரெயில், 1852 ஜனவரி 6ஆம் நாள் தம் 43ஆம் வயதில் மறைந்தார். ஈராண்டுகள் கழித்தே பள்ளி அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது. நூறாண்டுகளுக்குப் பின், 1952இல், அவருடல் பாரிசின் பாந்தியோன் மண்டபத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. கைகள் மட்டும் கூவ்ரேயிலேயே வைக்கப்பட்டன.

தமிழகத்தில் 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் கல்வியைத் தொடங்கினார். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் பாரதி பிரெயில் அமைந்தது. அச்சில் மெய்யெழுத்தின் முன்னே நிற்கும் கொம்பு, பிரெயிலில் ஒலிக்கும் வரிசைப்படி பின்னே வருகிறது.

இன்று கைப்பேசியே தமிழைப் படித்துக் காட்டுகிறது. ஆயினும் ரகர றகரமும் னகர ணகரமும் எங்கெங்கு வரும் என்பதைச் செவி எப்போதும் உறுதியாக அறியாது. விரல் ஐயமின்றி அறியும். சேலத்திலும் பார்வையற்ற மாணவர்க்கு அரசுப் பள்ளி உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கேட்கும் கருவியோடு தொட்டுப் படிக்கும் நூலும் வேண்டும். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தையும் போற்றும் நம் இல்லங்கள், ஒரு பிரெயில் நூலையோ எழுதுசட்டகத்தையோ அவர்கள் கையில் சேர்ப்பதும் அத்தானத்தின்பாற்படும்.