வெளிச்சத்தைப் பார்க்காமல் மறைந்த திவான்

பெங்களூர் கப்பன் பூங்காவில், சிவப்பு நிற நூலகக் கட்டிடத்தின் முன்னால் ஒரு சிலை நிற்கிறது. மைசூர் திவானாக இருந்த சேஷாத்திரி அய்யரின் சிலை அது. சேஷாத்ரிபுரம் அவர் பெயரால் அமைந்த பகுதிதான்.

பாலக்காட்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1845-ம் ஆண்டு பிறந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார். 1868-ல் மைசூர் அரசு வேலைக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து 1883-ல் திவான் ஆனார். 18 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

பஞ்சம் தந்த பாடம்

அவர் பதவி ஏற்ற நேரம் நல்ல நேரம் அல்ல. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடிய பஞ்சத்தில் மைசூர் நாட்டில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டு போயிருந்தனர். அரசுக்கோ கடன் சுமை.

வீண் செலவைக் குறைத்து, கிடைத்த பணத்தை ரெயில் பாதையிலும் பாசனத்திலும் போட்டார், சேஷாத்திரி அய்யர். ஹிரியூர் அருகே வேதாவதி ஆற்றின் குறுக்கே மாரிகணிவே அணை கட்டும் வேலை அவர் காலத்தில்தான் தொடங்கியது. பெங்களூருக்கு ஹெசரகட்டாவில் இருந்து குழாய்த் தண்ணீர் வந்ததும் அப்போதுதான்.

காவிரியில் மின்சாரம்

கோலார் தங்கவயலில் எந்திரங்களை ஓட்ட விறகும் நிலக்கரியும் மலை மலையாகத் தேவைப்பட்டன. செலவு அதிகம். சிவசமுத்திரத்திலோ காவிரி அருவியாக விழுந்து வீணாகிக் கொண்டு இருந்தது. அந்த நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று என்ஜினீயர் லோட்பினியர் திட்டம் வகுத்தார்.

ஆனால் சிவசமுத்திரத்தில் இருந்து தங்கவயல் 92 மைல் தூரம். அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டு போவது உலகத்துக்கே புதுசு. தோற்றால் அரசு பணம் ஆற்றோடு போகும்.

திவான் துணிந்தார். வெளிநாடுகளுக்குப் போய் விவரம் அறிந்து வர என்ஜினீயரை அனுப்பினார். மின்சாரத்தை விலைக்கு வாங்கிக்கொள்வதாக சுரங்கக் கம்பெனிகளிடம் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. போட்ட முதல் திரும்பி வர வழி பிறந்தது.

9 மாதம் முந்திய மரணம்

வேலை நடந்து கொண்டு இருந்தபோது சேஷாத்திரி அய்யரின் உடல்நலம் கெட்டது. 1901-ல் பதவியை விட்டு விலகினார். அந்த ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி காலமானார்.

9 மாதம் கழித்து, 1902 ஜூன் 30-ந் தேதி, தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களில் இருந்து பிழைக்க வந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பாடுபட்ட சுரங்கங்கள் அவை.

1905-ல் பெங்களூர் தெருக்களில் மின் விளக்கு எரிந்தது.

அந்தத் தங்கச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டு விட்டன. தங்கத்துக்காக வந்த மின்சாரம் ஊருக்கு வெளிச்சம் ஆனது. அதைப் பார்க்கத்தான் திவானுக்குக் கொடுத்து வைக்கவில்லை.