ஆட்சி போன ராஜா, நீரிழிவுக்கு மருந்து தேடிய கதை!

தஞ்சாவூர் அரண்மனைக்குப் போனா, தர்பார் ஹால்ல ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு, சரஸ்வதி மகால் நூலகத்தை எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிடுறோம். அந்த நூலகத்தின் பெயரில் இன்றும் வாழும் இரண்டாம் சரபோஜி மன்னர், சர்க்கரை நோயோடும் மல்லுக்கட்டினவர்னு தெரியுமா?

சரபோஜி பிறந்தது 1777-ல். அதற்கு முந்தைய வருடம்தான், நோயாளிகளின் சிறுநீர் இனிப்பதற்குக் காரணம் சர்க்கரையே என்ற ஆய்வை இங்கிலாந்து டாக்டர் மேத்யூ டாப்சன் வெளியிட்டார். நம்ம வைத்தியர்களுக்கு அந்த இனிப்பு பழைய சேதி. மதுமேகம்னு பேரே வெச்சிருந்தாங்க. ஆனால், உடம்புக்குள் கோளாறு எங்கே இருக்கிறது என்பது அங்கேயும் தெரியாது, இங்கேயும் தெரியாது.

துளஜா மன்னர் தத்தெடுத்த பிள்ளை சரபோஜி. 1787-ல் மன்னர் இறந்ததும், அமர்சிங் அரியணை ஏறினார். பத்து வயசுப் பையனுக்கு அரண்மனையே ஆபத்தான இடமாகிப்போச்சு. அவரைக் காப்பாற்றிப் படிக்கவைத்தவர், ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ். 1798-ல் சரபோஜிக்கு முடிசூட்டினார்கள். அதைப் பார்க்க சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை.

அடுத்த வருடமே கிழக்கிந்திய கம்பெனியோடு ஒப்பந்தம். காவிரி பாயும் நெல் வயல்கள் மொத்தமும் கம்பெனி கைக்குப் போயின. ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும், பென்ஷனும், வருவாயில் ஒரு பங்கும்தான். அப்போ அவருக்கு வயசு 22.

வேறு யாராவதா இருந்தா, உட்கார்ந்து சாப்பிட்டே காலத்தை ஓட்டியிருப்பாங்க. சரபோஜி புத்தகம் சேர்த்தார், அச்சகம் வைத்தார், தன்வந்திரி மகால் என்ற மருத்துவக் கூடத்தை நடத்தினார். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். கண் சிகிச்சை பெற்றவர்களின் விவரங்கள், கண்ணின் ஓவியத்தோடு அப்போதே பதிவாகியிருக்கின்றன. இன்னைக்கு நாம சொல்ற கேஸ் ஷீட்தான் அது!

பலன் தந்த மருந்து முறைகளைத் தமிழ்ப் பாடல்களாக எழுதவும் வைத்தார். பின்னாளில் அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையில் அச்சாயின. அதில் நீரிழிவுக்கென்றே தனியாக ஒரு புத்தகம் உண்டு.

அப்போ அவர் நோயை ஜெயிச்சுட்டாரா? இல்லை. 1832-ல் சரபோஜி மறைந்தார். நாயின் கணையத்தை அகற்றினால் அதற்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று மிங்கோவ்ஸ்கியும் மெரிங்கும் கண்டது 1889-ல்தான். 1922 ஜனவரியில், டொரன்டோவில் சாகக் கிடந்த 14 வயது லியோனார்ட் தாம்ஸனுக்கு இன்சுலின் போட்டார்கள். பையன் பிழைத்தான். சரபோஜி காலத்துத் தஞ்சாவூரில் அதே நோய் வந்த ஒரு சிறுவனை, ராஜா நினைத்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது.

அதனால, பழைய ராஜ வைத்தியம்னு வாட்ஸ்அப்பில் எதையாவது பார்த்துட்டு, வீட்டில் யாரும் இன்சுலினையோ மாத்திரையையோ நிறுத்திட வேண்டாம். அவர்கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது வேற ஒண்ணு. யார் வைத்தியமா இருந்தாலும் கேட்டார், கொடுத்துப் பார்த்தார், எழுதிவைத்தார். அப்பாவோட சுகர் ரீடிங்கை வாராவாரம் ஒரு நோட்டுல நீங்க குறிச்சு வெச்சா, டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.