சோம்பர் என்று பெயர் பெற்ற நோய்

வகுப்பிலே துயின்ற மாணாக்கன் ஒருவனைச் சோம்பேறி என்று நான் கடிந்ததுண்டு. சாள்ஸ் வாடெல் ஸ்ரைல்ஸ் என்னும் அமெரிக்கரின் வரலாற்றைக் கற்றபின் அச்சொல் என் நாவில் எளிதில் எழுவதில்லை.

1867இல் நியூயோர்க் மாநிலத்திற் பிறந்த இவர், மெதடிஸ்த போதகர் ஒருவரின் மைந்தர். செர்மனியின் லைப்சிக் நகரில் ஒட்டுண்ணியியல் பயின்று 1890இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். தாயகம் மீண்டு அரசாங்க விலங்கியலறிஞராய் அமர்ந்தார்.

அக்காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழைக் குடியானவர் பலர் வெளிறிய முகமும் வீங்கிய வயிறும் உடையராய், உழைக்கமாட்டாது சாய்ந்து கிடந்தனர். கண்டோர் அதனைப் பிறவிக்குணம் என்றனர். ஸ்ரைல்ஸ் கொண்ட கருத்து வேறு. மனிதர் குடலில் வாழும் கொழுக்கிப்புழுவின் புதியதோர் இனத்தை 1902இல் விவரித்த அவர், அவ்வாண்டே தென்மாநிலங்களிற் பயணஞ்செய்து, நோய் எங்கணும் பரவியிருத்தலைக் கண்டார். மண்ணிற் கிடக்கும் புழுவின் குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்துக் குருதியோடு நுரையீரல் சென்று, தொண்டை வழியே குடலையடைந்து, அங்கே பற்றிநின்று குருதியை உறிஞ்சும். பத்திரிகைகள் இதற்குச் சோம்பற் கிருமி என்று பெயரிட்டு நகையாடின. தென்னாட்டாரோ தம்மை இழிவுசெய்தார் எனச் சினந்தனர். மலகூடத்தைப் பற்றி மேடையேறிப் பேசும் அறிஞரை எந்த அவைதான் விரும்பும்!

1908இற் கிராம வாழ்வை ஆராய்ந்த ஆணைக்குழுவோடு சென்றபோது, உடன்வந்த பத்திராதிபர் வால்ரர் பேஜ் என்பாருக்குப் புகையிரத நிலையத்தில் நின்ற நலிந்த மனிதன் ஒருவனைக் காட்டி, அவன் சோம்பேறியல்லன், நோயாளி, சிறுகாசு மருந்தாற் குணமாவான் என விளக்கினார். அச்செய்தி செல்வர் றொக்பெல்லரின் மன்றம்வரை எட்டிற்று. 1909இல் அவர் பத்து இலட்சம் டொலர் வழங்க, நோயொழிப்புக் குழு எழுந்தது. சப்பாத்து வியாபாரம் தொடங்கவே செல்வர் இச்சூழ்ச்சி செய்கிறார் என்றும் வதந்தி உலாவிற்று. கொடுத்த மருந்து தைமோல். நம் அடுக்களை ஓமத்தின் மணத்துக்குக் காரணமான சத்தே அது. 11 மாநிலங்களிற் சோதிக்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவில் நோயுற்றிருந்தனர்.

ஆயினும் மருந்தினும் மலகூடமே முதன்மையானது என்பது ஸ்ரைல்ஸின் உறுதி. தூய்மையாக்கிய வயிற்றுக்கு மண் மீண்டும் புழுவைத் தருமன்றோ? 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் நம் நாட்டின் மாத்தளைத் தோட்டங்களில் இப்பணியைத் தொடங்கியபோது நேர்ந்ததும் அதுவே. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்க்கு மருந்து கிடைத்தது, மலகூடங்கள் போதிய அளவில் எழவில்லை, நோய் திரும்பிற்று. 1926இற் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு அமைந்தபோதுதான் நோய்த்தடுப்பு நிலையானதோர் அரச பணியாயிற்று. ஸ்ரைல்ஸ் 1941இற் காலமானார்.

அன்று என் வகுப்பிலே துயின்றவனும் வெறுங்காலோடு வந்த பிள்ளையே. அவன் முகம் வெளிறியிருந்ததா என்று நான் நோக்கவில்லை.