மானிப்பாய்க் கிறீன் வைத்தியர்

முத்துக்குளித்துறையில் வாழும் நமக்கு இலங்கை அந்நிய நாடன்று. ஆயினும் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் பயிற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரை நம்மவருட் பலர் அறியார்.

அவர் 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வூஸ்டர் நகரிற் பிறந்தார். 1847-இல் மிஷன் வைத்தியராய் இலங்கை வந்து, மறுவருடமே மாணாக்கரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. பயின்றோரிற் பலர் உத்தியோகம் நாடி வேற்றூர் சென்றனர்; கிராமத்து நோயாளியோ பண்டுபோலவே துணையின்றிக் கிடந்தான். இதனைக் கண்ட கிறீன் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலமே உயர்வுக்கு வழியென எண்ணப்பட்ட அக்காலத்தில் இஃது எளிய காரியமன்று.

நூல்களுக்கு எங்கே போவது? இருதயத்தின் அறைகளையும் இரத்தக் குழாய்களின் கிளைகளையும் பெயரின்றி எங்ஙனம் விளக்குவது? முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடுவார்; அது கிட்டாவிடின் வடசொல்; அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் அமைப்பார். 1875-இல் வந்த இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயர். இன்று அது நகைப்புக்கு இடமாகலாம். மாணாக்கனுக்கு அன்று கைந்நூல் கிடைத்தது. 1852-இலேயே அங்காதிபாத நூலொன்றைத் தந்தவர், 1872-இல் கிரே என்பாரது நூலைத் தழுவி மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60-க்கு மேற்பட்டவர்.

1873-இல் தாயகம் மீண்டும் மொழிபெயர்ப்பை விட்டாரல்லர். 1884-இல் வூஸ்டரிற் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியஞ்செய்தவர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் விரும்பியிருந்தார், அவ்வாறே பொறித்தனர்.